கத்தரிப்பூ நிற எருமை

பிப்ரவரி 5, திங்கள்

காலை ஏழு மணி: ஒரு சொட்டு. பத்து மணி: ஒரு சொட்டு. ஒரு மணி: அரைச் சொட்டு கண்ணில், அரைச் சொட்டு கன்னத்தில்.

இதை எழுதச் சொன்னது கண் ஆஸ்பத்திரி நர்ஸ். என் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் எப்போதோ மங்கிவிட்டது. "மொத வாரம் தெனம் ஆறு தடவை மருந்து விடணும். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு கொறச்சுக்கிட்டே வந்து ஆறு வாரத்துல நிறுத்தணும். விட்ட நேரத்த எழுதி வைங்கக்கா, இல்லாட்டி மறந்துருவீங்க" என்றாள். மோட்டார் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பரணில் சும்மா கிடந்தது. எடுத்துத் தூசி தட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். ஆறு நேரம் எழுதினால் ஆறு வரி. மீதி வரியெல்லாம் என்னையே பார்க்கிறது. சும்மா விட மனசு வரவில்லை.

நான் மயிலாத்தாள். வயது ஐம்பத்தொன்று. ஐந்தாம் வகுப்பு பாஸ். ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு என் வாய் பிடிக்கவில்லை. கோயமுத்தூர் ராஜவீதியில் எங்களுக்கு ஃப்ரேம் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மரம் அறுத்து மூலை சேர்ப்பது அவர். படத்தைத் துடைத்து, கண்ணாடி வைத்து, பின்னால் அட்டை அடித்துக் கொக்கி மாட்டுவது நான். இப்போது ஆறு வாரத்துக்கு அவர் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசிப் பக்கம் போகக் கூடாது. ஆக அவர் வேலையும் என் வேலையும் என் தலையில்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "ஏனுங்க, பாட்டு சீன் எப்பங்க?" என்று கேட்டேன்.

"ஹீரோயினு வரட்டும்" என்றார்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன மூன்றாவது ஜோக் இது.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆறு சொட்டும் விட்டாச்சு. மருந்து விடும்போதெல்லாம் வாயைத் திறந்துகொள்கிறார். கண்ணுக்குத்தான் மருந்து என்று சொன்னால் கேட்பதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

வரதராஜுலு சார் வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கார்ட்டூன் படச் சாமான் எது கிடைத்தாலும் வாங்கி ஃப்ரேம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார். அவர் வீட்டம்மாவுக்குக் காலண்டர் மாட்ட இடம் இல்லை என்று கேள்வி. மார்ச் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவிநாசி ரோட்டில் ஒரு ஹால் பிடித்துக் கண்காட்சி வைக்கப் போகிறாராம்.

கக்கத்தில் இருந்த கட்டைப் பிரித்தார். நியூஸ் பேப்பருக்கு நடுவே ஆறு ஷீட். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிற ஷீட். ஒவ்வொன்றிலும் ஒரு எருமை. முதலாவதில் கிணற்றுக் கமலை இழுத்து மூச்சு வாங்குகிறது. இரண்டாவதில் நாக்குத் தள்ளுகிறது. மூன்றாவதில் எதையோ திரும்பிப் பார்க்கிறது. நாலாவதில் வாய் நிறையச் சிரிப்பு. ஐந்தாவதில் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. ஆறாவதில் குடை பிடித்துப் படுத்திருக்கிறது.

"ஏனுங்க சார், எருமைக்கெல்லாம் எதுக்குங்க குடை? ஏற்கெனவே கறுப்புதானுங்களே."

"நல்லாப் பாருங்கம்மா, கறுப்பு இல்லைங்க. கத்தரிப்பூ நெறம்" என்றார். நிஜம்தான். கறுப்பில் கொஞ்சம் ஊதா ஓடுகிற அழகான நிறம்.

பம்புசெட் கம்பெனி ஒன்றுக்காக 1959இல் நம்ம சிங்காநல்லூர்ப் பக்கம் எடுத்த விளம்பரப் படமாம். பம்பு வந்ததும் எருமைக்கு வேலை போய்ச் சந்தோஷம் வருகிறது. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ரெண்டு நிமிஷம் ஓடுமாம். ரெண்டு நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சில்லறைப் படம் வரைய வேண்டுமாம். படச்சுருள் எங்கேயோ போய்விட்டது. மிச்சம் இந்த ஆறுதான். மூன்று வருஷமாக உக்கடம் பழைய காகிதக் கடைகளில் தேடிப் பிடித்திருக்கிறார்.

"ஆரம்பத்துல கெணறு, மரம், எருமை எல்லாத்தையும் ஒவ்வொரு தாள்லயும் திருப்பித் திருப்பி வரைஞ்சாங்க. நூறு வருசத்துக்கு முன்னால அமெரிக்காவுல ஒருத்தருக்கு ரோசனை வந்துச்சுங்க. அசையாதத ஒரே தடவ வரைஞ்சு அடியில வெச்சுக்கலாம். அசையறத மட்டும் இந்த மாதிரி ஷீட்டுல வரைஞ்சு மேல வெச்சுப் படம் புடிக்கலாம்னு."

"சோம்பேறி போலிருக்குங்க."

"அந்தச் சோம்பேறித்தனத்துலதானுங்க கார்ட்டூனே பொழச்சுது. இன்னொண்ணுங்கம்மா, இதுல பின்பக்கம் இருக்கு பாருங்க, அது..."

"எருமைக்குப் பின்பக்கம் இல்லாம எப்படிங்க? பெருசாவே இருக்குதுங்களே."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். இன்னொரு சாமானும் விட்டுப் போயிருக்கிறார். மேல்பக்கம் திறந்த தகர டப்பா. சுற்றிலும் கீறல் கீறலாக ஓட்டை, உள்ளே வரிசையாகக் குதிரைப் படம். டப்பாவைச் சுழற்றிக் கீறல் வழியாகப் பார்த்தால் குதிரை ஓடுகிறது. சினிமா பிறப்பதற்கு முன்னாலேயே சீமையில் பிள்ளைகள் இப்படித்தான் படம் பார்த்தார்களாம். அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்ய வேண்டும்.

வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே வைத்துச் சுழற்றினேன். "குதிரை தெரியுதுங்களா?"

"புகையாட்டம் என்னமோ சுத்துது" என்றார்.

பிப்ரவரி 12, திங்கள்

இந்த வாரம் ஐந்து சொட்டு. ஐந்தும் விட்டாச்சு. மத்தியானம் ரசம், அப்பளம். இன்று ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியது பொய். டைரியிடம் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்.

கடைக்கு எந்தப் படம் வந்தாலும் ஈர மஞ்சள் துணியால் ஒரு துடை துடைப்பேன். சாமி படம் என்றால் விளக்குப் புகை, குங்குமம், கரப்பான் முட்டை எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். கை தானாகப் போகும். நேற்று நாலாம் நம்பர் ஷீட்டை எடுத்தேன், எருமை சிரிக்கிறதே அது. முன்பக்கம் பளபளவென்று இருந்தது. திருப்பினால் பின்பக்கம் காய்ந்த சேற்றை அப்பினது மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. அறுபது வருஷ அழுக்கு என்று நினைத்தேன். நாலு இழு இழுத்தேன். நன்றாக வந்தது. அழுக்கு என்ன இப்படி ஊதாவாக வருகிறது என்று தோன்றுவதற்குள் எருமை போய்விட்டது.

திருப்பிப் பார்த்தேன். கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். கொம்பு, காது, சிரிப்பு எல்லாம் கோடாக இருந்தது. உள்ளே என் உள்ளங்கை தெரிந்தது.

கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். இப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு வரதராஜுலு சார் "பின்பக்கம்" என்று ஆரம்பித்தது இதைச் சொல்லத்தான். நான் சொல்ல விட்டால்தானே.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆன ஆளுக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. எப்படியும் அவருக்குத்தான் கண் தெரியவில்லையே. ஈரத் துணியோடு பட்டறைக்கு முன்னால் சிலை மாதிரி நின்றேன். "என்ன மயிலா, சத்தமே காணோம்?" என்றார். "மூச்சு வாங்கறனுங்க" என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

வரதராஜுலு சாருக்கு போன் போட்டேன்.

"சாருங்களா, ஒரு விசயம் சொல்லோணுமுங்க."

"சொல்லுங்கம்மா."

"வந்துங்க... எருமைக்குக் கறுப்பு ஃப்ரேமுங்களா, தேக்கு நெறமுங்களா?"

"தேக்குங்க. கறுப்புல எருமை தொலைஞ்சு போயிருமுங்க."

தொலைந்து போவதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

ஜெராக்ஸ் கடையில் கண்ணாடி ஷீட் பத்து வாங்கினேன். பழகிப் பார்க்கத்தான். ஸ்டேஷனரிக் கடையில் போஸ்டர் கலர் நாலு பாட்டில்.

கிளம்பும்போது வீட்டுக்காரர் கூப்பிட்டார். "போறதுதான் போறே, மெல்லிசா ஒரு பிரஷ் வாங்கியா. அணில் முடி பிரஷ். ரெண்டாம் நம்பர்."

"உங்களுக்கு எதுக்குங்க?"

"ஃப்ரேம் மூலையில பாலீஷ் தொட்டு வெக்க."

எதிரில் நிற்கிற லாரி தெரியாத ஆளுக்கு ரெண்டாம் நம்பர் பிரஷ். வாங்கி வந்தேன். அப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார். எனக்கு உதவும் என்று நானே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று முழுக்க மஞ்சள் துணியைத் தேடினேன். எருமையின் நிறம் அந்தத் துணியில்தான் ஒட்டியிருக்கிறது. அதை வைத்துத்தான் கலர் சேர்க்க வேண்டும். அன்றைக்குப் பதட்டத்தில் அழுக்குத் துணிக் கூடையில் போட்டிருந்தேன். துவைத்துப் போட்டு ரெண்டு நாள் ஆகிறது. எருமை இரண்டாவது தடவையும் செத்தது என்று நினைத்தேன்.

கடைசியில் பார்த்தால், அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. துவைக்கவில்லை, கசக்கவில்லை. ஊதாக் கறை அப்படியே காய்ந்திருக்கிறது.

"ஏனுங்க, இத யாருங்க இங்க மாட்டுனது?"

"நாந்தான். மொகம் தொடச்சுக்கலாம்னு எடுத்தேன். அழுக்குத் துணியா அது? எனக்கென்ன தெரியுது."

நல்ல வேளை, முகத்தைத் துடைக்கவில்லை. நல்ல வேளை, கண்ணும் தெரியவில்லை.

நான்கு சொட்டும் விட்டாச்சு.

பிப்ரவரி 23, வெள்ளி

மத்தியானம் தூங்கும் பழக்கம் அவருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கிடையாது. இப்போது சாப்பிட்டதும், "நான் ரெண்டு மணி நேரம் படுக்கறேன். என்னய எழுப்பாத" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். மருந்து அப்படி அசத்துகிறது போல. எனக்கு வசதி.

பத்து ஷீட்டில் ஒன்பது எருமை போட்டேன். ஒன்று கழுதை மாதிரி வந்தது. மூன்று காய்ந்ததும் வயிற்றில் வெடிப்பு விட்டன. கலரில் தண்ணீர் குறைந்தால் வெடிக்கிறது, கூடினால் ஓடுகிறது. தோசை மாவுப் பதம் என்று கடைசியில் பிடிபட்டது. நிறமும் பிடிபட்டது. கறுப்பு, நீலம், கொஞ்சம் சிவப்பு, மங்கலாக்க ஒரு சொட்டு வெள்ளை. துணியின் மேல் வைத்துப் பார்த்தேன், எது கறை எது கலர் என்று எனக்கே தெரியவில்லை.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்த ரெண்டு மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சாயங்காலம் மருந்து விடும்போது, "நகத்துல என்ன?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியல. வாசம் வந்துச்சு."

குதிரை டப்பாவைச் சுழற்றிக் காட்டினேன். "குதிரைங்க?"

"ம்ஹூம். பொகைதான்."

பிப்ரவரி 27, செவ்வாய்

மூன்று சொட்டு.

இன்று நிஜமான நாலாம் நம்பர். சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். உடம்பு, கொம்பு, காது எல்லாம் கோட்டுக்குள் அடங்கி வந்தது. கடைசியாகக் கண். மற்ற ஐந்து எருமைக்கும் கறுப்புக் கண்மணியில் கடுகளவு வெள்ளைப் பொட்டு இருக்கிறது. அந்தப் பொட்டுதான் உயிர். காய்ந்த கறுப்பின் மேல் வெள்ளை வைத்தேன். ஜோராக உட்கார்ந்தது. திருப்பினேன். முன்பக்கம் பொட்டைக் காணோம்.

அப்புறம்தான் புரிந்தது. பின்னாலிருந்து போடுகிற வேலையில் முதலில் வைப்பதுதான் முன்னால் தெரியும். பொட்டை முதலில் வைத்து, அதன் மேல் கறுப்பு போட்டிருக்க வேண்டும். நான் வீடு கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி போடத் தைரியம் வரவில்லை. முன்பக்கமே ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தேன். கொஞ்சம் மூக்குத்தி மாதிரி மின்னுகிறது. ஆனால் எருமை சிரிக்கிறது.

மஞ்சள் துணியைக் குப்பைக் கூடையில் போட்டேன். எருமையைக் கொன்றதற்குச் சாட்சி எதற்கு.

மார்ச் 1, வெள்ளி

ஆறு ஃப்ரேமும் தயார். மூலையெல்லாம் நானே அறுத்துச் சேர்த்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னய விட நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வரதராஜுலு சார் வந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கை கட்டி நின்றார். நாலாவதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் பக்கத்து ஃப்ரேமின் கொக்கியைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஆறுலயும் இதுதானுங்கம்மா ஒசத்தி. கண்ணு பாருங்க, என்ன உசுரு."

"ஆமாங்க" என்றேன். காபி வேண்டுமா என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன். காபி குடிக்காமல் போனார்.

மார்ச் 6, புதன்

ரெண்டு சொட்டு.

வரதராஜுலு சார் போன். குரல் துள்ளியது. எருமைக்கு வண்ணம் போட்டவரைக் கண்டுபிடித்துவிட்டாராம். அந்தக் காலத்தில் கோடு போட்டவர்களின் பெயராவது எங்காவது இருக்கும். வண்ணம் போட்டதெல்லாம் பொம்பளைப் பிள்ளைகள், பெயரே இருக்காது. புலியகுளத்தில் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறார்களாம். பெயர் பிலோமினா. பதினேழு வயசில் வேலைக்குப் போனவர், இப்போது எண்பத்திரண்டு. கண்காட்சி நடக்கிற ஹாலில் படி அதிகம், ஏற முடியாது. அதனால் சனிக்கிழமை நம் கடைக்குக் கூட்டி வந்து காட்டப் போகிறாராம்.

"அவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"போன வருசந்தானுங்க ரெண்டு கண்ணுக்கும் ஆபரேசன் பண்ணுனாங்க. கழுகாட்டம் தெரியுதாம்."

கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரி கொஞ்சம் அதிகம்தான்.

மார்ச் 7, வியாழன்

ரெண்டு சொட்டு. வெள்ளிக்கிழமை போன் போட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு.

மார்ச் 8, வெள்ளி

ரெண்டு சொட்டு. போன் போடவில்லை.

மார்ச் 9, சனி

பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்தார்கள். பிலோமினா அம்மா குட்டையாக, வெள்ளைப் புடவையில், கையில் குச்சியோடு இருந்தார். வந்ததும் கடையில் வரிசையாக மாட்டியிருக்கிற சாமிகளையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாரும் சௌக்கியமா?" என்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று. இந்த அம்மாவையா ஏமாற்றப் போகிறோம் என்று ஒரு பக்கம் குத்தியது.

ஆறு ஃப்ரேமையும் சாய்த்து வைத்திருந்தேன். நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். முதலாவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "அட என் ராசா, நீ இன்னும் இருக்கியா" என்று எருமையிடம் கேட்டார். ரெண்டு. மூன்று. நாலாவதில் நாற்காலி நின்றது.

முன்னால் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, கையை. நகத்தில் ஊதா இன்னும் முழுசாகப் போகவில்லை.

"என்னங்கம்மா?" என்றார் வரதராஜுலு சார். "இதானுங்களா உங்களுக்கு ரொம்பப் புடிச்சது?"

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "ஒண்ணுமில்ல சாமி. வயசாச்சு. கண்ணு கொஞ்சம் மங்குது" என்று சொல்லிவிட்டு நாற்காலியை ஐந்தாவதுக்கு நகர்த்தப் போனார்.

கழுகுக்கு மங்குகிறதாம். யாரென்றே தெரியாத எனக்காக அந்த அம்மா சொன்ன பொய். பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அதை நான் போட்டனுங்க" என்றேன். "நாலாவது அவங்க போட்டது இல்லைங்க. அவங்க போட்டத நான் அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுப் போட்டனுங்க சார். பொறவு நானே கலர் வாங்கிப் போட்டு உங்ககிட்ட மறைச்சுட்டனுங்க."

வரதராஜுலு சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அவர் நாலாவது ஃப்ரேமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசமுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

பிலோமினா அம்மா குச்சியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ ஒண்ணத்தான தொடச்சே? நாங்க எத்தன தொடச்சோம்னு கேளு."

ரெண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

"சனிக்கிழமை ஆனா எங்களுக்கு வேற வேலையே கெடையாது. ஷீட்டெல்லாம் சீமையிலிருந்து வரணும், லேசுல கெடைக்காது. படம் புடிச்சு முடிச்சதும் சிமிண்ட் தொட்டியில போட்டு நாங்களே தேச்சுக் கழுவிக் காயவெச்சு, திங்கக்கெழம அதுலயே வேற படம். ஆயிரத்து நானூறு எருமையக் கழுவுன கை இது. வாரம் பூரா போடறதும் நாங்க, சனிக்கிழமை அழிக்கறதும் நாங்க."

"அப்ப இந்த ஆறும் எப்படிங்கம்மா தப்பிச்சுது?" என்று கேட்டார் வரதராஜுலு சார்.

"அன்னிக்குக் கொழாயில தண்ணி வரல."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பம்புசெட் விளம்பரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. சிரிக்கிற நேரமா என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். திரும்பினால் அம்மாவே சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கே. நான் மொத மாசம் போட்டதெல்லாம் இதைவிட மோசம். ஆனா கண்ணு, கலர நாங்க முன்பக்கம் வெக்கவே மாட்டோம். அந்தப் பொட்டு துருத்திக்கிட்டு நிக்குது. என்ற எருமைக்கு மூக்குத்தி குத்தி உட்டுட்டியே."

வரதராஜுலு சார் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஃப்ரேம் எதையும் எடுத்துப் போகவில்லை.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "உங்ககிட்டயும் சொல்லாம விட்டுட்டனுங்க" என்றேன். "செரி, மருந்து விடு" என்றார். மருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து உட்கார்ந்தார். அதனால் விட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

இனி ஒரு சொட்டுதான். போன் வரவில்லை.

மார்ச் 11, திங்கள்

ஒரு சொட்டு. எருமைகளைத் துணி போட்டு மூடி வைத்தேன்.

மார்ச் 13, புதன்

காலையில் கடை திறக்கும்போதே வரதராஜுலு சார் வாசலில் நின்றார். ஷேவ் பண்ணவில்லை.

"அன்னிக்குப் பின்பக்கம் தொடாதீங்கன்னு சொல்லத்தானுங்க வந்தேன். நீங்க சிரிக்க வெச்சுட்டீங்க" என்றார்.

"இனிமே நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டனுங்க சார்."

"அது நடக்காதுங்கம்மா."

உள்ளே வந்து உட்கார்ந்தார். நாலு நாளாகத் தூக்கம் இல்லையாம். நேற்று புலியகுளத்துக்குப் போய், நாலாவதை மறுபடி அழித்து நீங்களே போட்டுத் தாருங்கள் என்று பிலோமினா அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கை நடுங்குகிறது, முடியாது, இருக்கிறது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதைக் கேட்கத்தான் இவர் விடிந்ததும் வந்திருக்கிறார்.

"எதுலங்கம்மா தொடச்சீங்க?"

"மஞ்சத் துணியிலங்க."

"அந்தத் துணி இருக்குதுங்களா? அவங்க வெச்ச வண்ணம் அதுலதான இருக்குது. அதையும் ஃப்ரேம் போட்டு நாலாவதுக்குப் பக்கத்துல மாட்டோணுமுங்க."

"குப்பையில போட்டுட்டனுங்களே சார். ரெண்டு வாரம் ஆச்சுங்க."

நாற்காலி கிரீச்சிட்டது. வீட்டுக்காரர் எழுந்தார். எதன் மேலும் இடிக்காமல், கதவு நிலையைத் தடவாமல், நேராக உள்ளே போனார். ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வந்தார். டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவே, இஸ்திரி போட்ட மாதிரி மடித்து, மஞ்சள் துணி.

"ஏனுங்க, இது எப்படிங்க உங்ககிட்ட?"

"கூடைக்கு வெளிய விழுந்து கெடந்துச்சு" என்றார். அந்தக் கூடையில் அப்படி எதுவும் வெளியே விழாது. அது இடுப்பு உயரக் கூடை.

மார்ச் 15, வெள்ளி

ஒரு சொட்டு.

நான் இதுவரை எத்தனையோ சாமியை, எத்தனையோ மாமனாரை ஃப்ரேம் போட்டிருக்கிறேன். துடைக்கிற துணியை ஃப்ரேம் போடுவது இதுதான் முதல். நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் நாலு இழுப்பு. ஓரத்தில் பழைய குங்குமக் கறை. கண்ணாடி வைப்பதற்கு முன்னால் கை பழக்கத்தில் அதையும் துடைக்கப் போனது. இந்தத் தடவை கையில் ஒரு அடி போட்டு நிறுத்தினேன்.

பெயர்ச் சீட்டு வரதராஜுலு சார் அச்சடித்து வந்தார். ஆறு எருமைக்கும் கீழே: "வண்ணம்: பிலோமினா." நாலாவதுக்கு மட்டும் இன்னொரு வரி: "மறுவண்ணம்: மயிலாத்தாள்."

"இப்படிப் போட்டா நான் வேணும்னு செஞ்ச மாதிரி இருக்குதுங்க சார். 'தெரியாமல்'னு ஒண்ணு சேத்துக்குங்க" என்றேன். பேனாவை எடுத்து அவரே எழுதிச் சேர்த்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். காபியும் குடித்தார்.

மார்ச் 16, சனி

காலை ஏழு மணி: கடைசிச் சொட்டு. நேராகக் கண்ணில் விழுந்தது. இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

ஏழு ஃப்ரேமையும் கட்டி வேனில் ஏற்றினோம். குதிரை டப்பாவின் கண்ணாடிப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை சுழற்றினேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீறல் வழியாகப் பார்த்தார்.

"ஓடுதுங்களா?"

"ஓடுது. பின்னங்காலு ஒண்ணு வெள்ளை."

வெள்ளைக் கால் கடுகளவுதான் இருக்கும். நானே இத்தனை நாளில் கவனிக்கவில்லை.

"ஏனுங்க, இந்தக் குதிரை உங்களுக்கு எந்த வாரத்துலிருந்துங்க தெரியுது?"

டப்பா சுற்றி நிற்கிற வரைக்கும் அவர் குதிரையையே பார்த்தார்.

"ரெண்டாவது வாரம்."

"அப்பறம் எதுக்குங்க இத்தன நாளா பொகை பொகைன்னீங்க?"

"நீ வேலையா இருந்தே" என்று சொல்லிவிட்டு, ரம்பத்தை எடுத்துத் தூசியைத் தட்டினார்.